எழுபதுகளின் இசைக்குழுக்கள்: தலையாயது எது?

பாப் என்றும் ராக் என்றும் மேனாட்டார் வழங்கும் இசையில், 1970 முதல் 1979 வரை ஓங்கி நின்ற குழுக்களுள் தலையாயது எது என்னும் வாதம் இன்றளவும் ஓய்ந்தபாடில்லை. பீட்டில்ஸ் குழுவினர் 1970ஆம் ஆண்டிற் பிரிந்தனர். வெறுமையான அவ்வரியணைக்கு உரிமை கோரினோர் பலர். யாருக்கு முடிசூட்டுவது என்று கேட்குமுன், எவ்வளவுகோல் கொண்டு அளப்பது என்று கேட்பதே அறிவுடைமையாகும்.

விற்பனையே அளவுகோல் என்பர் ஒரு சாரார். பிங்க் பிளாய்டு குழுவினர் 1973இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆப் தி மூன்' என்னும் இசைத்தட்டு, 1988 வரை அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 741 வாரம் இடம்பெற்றது. பிளீட்வுட் மாக் குழுவினரின் 'ரூமர்ஸ்' 1977இல் வெளிவந்து, அதே பட்டியலில் 31 வாரம் முதலிடம் வகித்தது. வியத்தற்குரிய கணக்கே! எனினும், மிகுதியாய் விலைபோவதே மிக உயர்ந்தது எனின், கள்ளுக்கடையைப் புத்தகசாலையினும் மேலானது எனல் வேண்டுமன்றோ?

வித்தையே அளவுகோல் என்பர் மற்றொரு சாரார். இவர் கூற்றில் வலிமையுண்டு. குவீன் குழுவினர் 1975இல் வெளியிட்ட 'போஹிமியன் ராப்சடி' ஏறத்தாழ ஆறு நிமிடம் நீள்வது. இருந்தும் பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம் பெற்றது. அதனை இயற்றிய பிரெடி மெர்க்குரி, சான்சிபாரிற் பார்சிக் குடும்பத்திற் பிறந்து இந்தியாவிற் கல்வி பயின்றவர். லெட் செப்பெலின் குழுவினரோ வாத்தியத் திறமையில் முதல்வராகப் பலரால் எண்ணப்படுபவர். 1972இல் அவர்கள் சிங்கப்பூரில் நடத்தவிருந்த கச்சேரி, அவர்தம் நீண்ட தலைமயிரின் பொருட்டு நின்றுபோனதை இங்குள்ள முதியோர் மறந்திரார்.

ஆயின், அவ்வித்தை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசையே ராக் இசைக்கு வேர். மிசிசிப்பியிற் பிறந்த வில்லி டிக்சன் என்னும் கறுப்பினப் பாடலாசிரியர், தம் பாட்டின் சொற்களை லெட் செப்பெலினார் 1969இல் 'ஹோல் லாட்டா லவ்' என்னும் பாட்டிற் கையாண்டனர் என்று 1985இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு சமாதானமாக முடிந்தபின்னரே அப்பாட்டின் ஆசிரியருள் அவர் பெயரும் சேர்ந்தது. பால்மரம் வெட்டுவோன் ஒருவன், பயன்கொள்வோன் வேறொருவன் என்றிருந்த தோட்ட வாழ்வை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே நாம் மூன்றாவது அளவுகோல் ஒன்றைக் கொள்வோம். கடன்பட்ட இடத்தைக் கூறி, எளியோர் பக்கம் நின்றவர் யார்? 1976இல் எரிக் கிளாப்டன், புளூஸ் இசையாற் புகழ் ஈட்டியவராயிருந்தும், பர்மிங்ஹாம் மேடையிற் குடியேறிய மக்களை இகழ்ந்து பேசினார். அதனை எதிர்த்து நிறவெறி எதிர்ப்பு இசை இயக்கம் எழுந்தது. 1978 ஏப்ரல் 30இல் லண்டன் விக்டோரியா பூங்காவில் பல்லாயிரவர் திரண்ட அவ்வியக்கக் கூட்டத்தில் தி கிளாஷ் குழுவினர் பாடினர். அதற்கு முந்திய ஆண்டில், ஜமாய்க்காவின் ஜூனியர் மர்வின் பாடிய பாட்டொன்றைத் தம் முதல் தட்டிற் பாடி, அதனை ஆக்கியோர் பெயரையே பொறித்தவரும் இவரே. 1979இல் 'லண்டன் காலிங்' என்னும் இரட்டைத் தட்டை ஒற்றைத் தட்டின் விலைக்கு விற்கச் செய்தவரும் இவரே.

வாத்தியத் திறமையில் இவர் செப்பெலினாருக்கு ஒப்பாகார். விற்பனையிற் பிங்க் பிளாய்டுக்கு ஈடாகார். எனினும் முதலிடம் தி கிளாஷுக்கே உரியது என்பது நம் துணிபு. மறுப்போர் மறுக்கட்டும், தம் அளவுகோல் இன்னதென முன்னர் உரைத்துப் பின்னர் மறுக்கட்டும்.