புரதம் உண்ணும் நேரமும் தசை வளர்ச்சியும்

பளுப் பயிற்சிக்குச் சற்று முன்போ முடிந்த உடனேயோ புரதம் உண்டால் தசை கூடுதலாக வளரும் என்பது ஜிம்களில் நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை. பயிற்சி முடிந்த அரை மணிக்குள் புரதப் பொடியைக் கரைத்துக் குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பட்ட பாடு வீண் என்று பயிற்சியாளர்களே சொல்வதுண்டு. ஆண்டுக்கணக்கில் பளு தூக்குபவர்கள்தான் இதை அதிகம் நம்புகிறார்கள்.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பயிற்சி தசைக்குள் புரத உற்பத்தியைத் தூண்டுகிறது. உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்கள், குறிப்பாக லூசின், அதை மேலும் உயர்த்துகின்றன. புதிதாகத் தொடங்குபவரிடம் இந்த உயர்வு இரண்டு நாள் வரை நீடிக்கும். பழகிய உடலில் அது சீக்கிரம் உச்சத்துக்குப் போய்ச் சீக்கிரம் அடங்கிவிடும். ஆகவே அனுபவசாலிகளுக்கு நேரம் முக்கியமாகத்தான் இருக்க வேண்டும் என்று பலரும் கருதினர்.

ஆஸ்திரேலியாவில் கிரிப், ஹேய்ஸ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் புரதப் பானம் குடித்தவர்கள், அதே பானத்தைக் காலையிலும் இரவிலும் குடித்தவர்களைவிட அதிகத் தசை பெற்றனர். ஆனால் அந்தப் பானத்தில் கிரியேட்டினும் குளுக்கோஸும் இருந்தன. பலனைப் புரதத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. 2009இல் ஹாஃப்மன் குழு அமெரிக்காவில் அனுபவமுள்ள 33 ஆண்களிடம் 10 வாரம் நடத்திய சோதனையில் நேரத்தால் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 2013இல் ஷோன்ஃபெல்ட், ஆரகான், கிரீகர் மூவரும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நேரத்தின் பலன் என்று தோன்றியது நாள் மொத்தத்தில் கூடுதலாக உண்ட புரதத்தின் பலனே எனத் தெரிந்தது. 2017இல் அனுபவமுள்ள 21 பேர் பயிற்சிக்கு முன்போ பின்போ 25 கிராம் புரதம் எடுத்துக்கொண்டார்கள். 10 வாரத்தில் இரு பிரிவுக்கும் தசை வளர்ச்சி ஒன்றாகவே இருந்தது.

அளவுதான் முதல் கேள்வி. 49 ஆய்வுகளைத் திரட்டிய மார்ட்டன் குழு (2018), நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை பலன் கூடுகிறது என்றது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தது 0.83 கிராம். 70 கிலோ எடையுள்ளவருக்கு முதல் கணக்கில் 112 கிராம், இரண்டாவதில் 58 கிராம்.

ஆத்தூர்ப் பக்கத்துச் சாப்பாட்டை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். வசிஷ்ட நதிக்கரையில் உள்ள இந்த ஊரைச் சுற்றி மரவள்ளி விளைகிறது, ஜவ்வரிசி ஆலைகள் ஓடுகின்றன. ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. அதில் புரதத்தைத் தேடிப் பயனில்லை. நான்கு இட்லியும் சாம்பாரும் சேர்ந்தால் 10 கிராமைச் சற்றுத் தாண்டலாம். அதோடு மூன்று அவித்த முட்டை சேர்ந்தால் 30 கிராமை நெருங்கும். ஒரு வேளைக்கு அது போதும். முட்டைக்குப் பஞ்சமும் இல்லை, நாட்டின் பெரிய முட்டை உற்பத்தி மையமான நாமக்கல் அண்டை மாவட்டம். மஞ்சள் கருவை எறிவது தேவையற்ற வழக்கம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2017இல் பயிற்சி பெற்ற இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், 18 கிராம் புரதத்தை வெள்ளைக் கருவாக மட்டும் உண்டதைவிட முழு முட்டையாக உண்டபோதே தசைப் புரத உற்பத்தி அதிகம் உயர்ந்தது. கொள்ளும் நிலக்கடலையும் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் தருபவை. சைவ உணவுக்காரர்கள் இவற்றோடு பாலும் தயிரும் சேர்த்துக்கொள்ளலாம்.

நேரம் முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு. முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, விடியற்காலை வெறும் வயிற்றில் பளு தூக்குபவர் பயிற்சி முடிந்ததும் சாப்பிடுவது நல்லது. காலை உணவைப் பத்து மணிக்குத் தள்ளக் கூடாது. மதியம் நன்றாகச் சாப்பிட்டு மாலையில் பயிற்சிக்குப் போகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு வேளைப் புரதம் செரித்து இரத்தத்தில் கலக்கப் பல மணி நேரம் ஆகும். நெதர்லாந்தில் 2023இல் வெளியான ஆய்வில், ஒரே வேளையில் உண்ட 100 கிராம் புரதத்தின் தாக்கம் 12 மணி நேரத்துக்கு மேலும் நீடித்தது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரத அளவைக் கூட்டக் கூடாது.