நஞ்சேறிய மண்ணில் வாழும் பூஞ்சணங்கள்

ரொறன்ரோவிலிருந்து வடக்கே சுமார் 400 கிலோமீற்றர் தொலைவில் சட்பரி நகரம் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு வடக்கே போகும் நம்மவர்கள் பலர் அதைக் கடந்திருப்பார்கள். இன்று பச்சையாகத் தெரியும் அந்தக் குன்றுகளில் பல, 50 ஆண்டுகளுக்கு முன் கருத்த வெறும் பாறைகளாகக் கிடந்தவை.

1883இல் ரயில் பாதை போடும்போது அங்கே செம்பு, நிக்கல் தாது வெளிப்பட்டது. ஆரம்ப காலத்தில் தாதுவை விறகு அடுக்கின் மேல் குவித்துத் திறந்த வெளியில் மாதக்கணக்கில் எரித்தார்கள். கந்தகப் புகை காட்டைக் கருக்கியது. மரம் போனதும் மழை மண்ணை அடித்துச் சென்றது. எஞ்சிய மண் புளித்துப்போய், செம்பும் நிக்கலும் படிந்து கிடந்தது. ஏறக்குறைய 20,000 ஹெக்டேயர் முற்றாக வெறுமையாயிற்று. அதைச் சுற்றி இன்னும் பெரிய பரப்பு பாதி அழிந்தது.

இப்படிப்பட்ட இடத்திலும் சில உயிர்கள் தாக்குப்பிடித்தன. அவற்றில் முக்கியமானவை பூஞ்சணங்கள். பள்ளிக்கூடத்தில் நாம் ‘பங்கசு’ என்று படித்தவை இவைதான்.

மரப்பட்டையில்

மரப்பட்டையில் சாம்பலும் பச்சையுமாக ஒட்டியிருக்கும் இலைக்கன், பூஞ்சணமும் அல்காவும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். அதற்கு வேர் இல்லை. நீரையும் ஊட்டத்தையும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் நேரே எடுப்பதால், காற்றில் கலந்த நஞ்சும் உள்ளே போய்விடும். பாரிஸ் நகரின் லக்சம்பேர்க் பூங்காவில் இருந்த இலைக்கன்களை வைத்துக் காற்றின் தூய்மையை அறியலாம் என்று நைலாண்டர் 1866இலேயே எழுதினார். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்காக 1970இல் ஹாக்ஸ்வேர்த்தும் ரோஸும் 10 படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள். சட்பரியிலும் உலைகளுக்கு அருகில் இருந்த மரங்களில் இலைக்கன்கள் இல்லாமற்போயின. புகை குறைந்த பிறகு அவை மெல்லத் திரும்பின.

லண்டனில் இருப்பவர்கள் தெருவோர மரக்கிளைகளைப் பார்த்தால் மஞ்சள் நிற இலைக்கனைக் காணலாம். கந்தகப் புகை குறைந்ததும், வாகனங்களிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வரும் நைதரசன் கூடியதும் அதற்குக் காரணங்கள்.

வேரில்

பைன், பேர்ச், ஓக் போன்ற மரங்களின் நுனி வேர்களைச் சில பூஞ்சணங்கள் உறை போல மூடிக்கொள்கின்றன. இதை மைக்கொரைசா என்பர். பூஞ்சணம் மண்ணிலிருந்து நீரும் பொசுபரசும் கொண்டுவந்து கொடுக்கும். மரம் சீனியைக் கொடுக்கும். உலோகம் மிகுந்த மண்ணில் இந்த உறைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பூஞ்சண இழைகளின் சுவர்கள் உலோகத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மரத்துக்குள் போகும் அளவு குறையும்.

எல்லாப் பூஞ்சணமும் இதைச் செய்வதில்லை. பெல்ஜியத்தில் பழைய துத்தநாக உலைகளைச் சுற்றிய பைன் காடுகளில் சுயில்லஸ் லூட்டியஸ் என்ற காளான் வளர்கிறது. அங்கே எடுத்த வகை, தூய்மையான மண்ணில் எடுத்த அதே இனத்தைவிடப் பல மடங்கு துத்தநாகத்தைத் தாங்கியது. தாங்க முடியாதவை அழிய, தாங்கியவை பெருகின.

சருகை மக்கச் செய்யும் பூஞ்சணங்கள் நலிந்தால் விளைவு வேறு. சுவீடனில் கூசும் என்ற ஊரின் பழைய பித்தளை ஆலையைச் சுற்றி, சருகு மக்காமல் தடித்த படையாகச் சேர்ந்தது. ஊட்டம் மண்ணுக்குத் திரும்பாமல் அதிலேயே முடங்கியது.

சட்பரியில் 1978இல் மீள்பசுமைத் திட்டம் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் தூளைத் தூவிப் புளிப்பைக் குறைத்தார்கள், உரமிட்டார்கள், புல் விதைத்தார்கள், பின்னர் மரம் நட்டார்கள். நட்ட மரங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. நல்ல காட்டின் தரைமண்ணைப் பாய் போல வெட்டி எடுத்துவந்து பதிப்பதும் நடக்கிறது. அந்தப் பாயோடு விதையும் வேரும் பூஞ்சணமும் சேர்ந்து வரும்.

நமக்கு இதில் என்ன?

கணக்கு மொழியில் சொன்னால், உலோகத்தைப் பூஞ்சணம் ஒரு பேரேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறது, கணக்கிலிருந்து நீக்குவதில்லை. செம்பும் காட்மியமும் அழிவன அல்ல. ஆகவே பழைய ஆலை, ரயில் பாதை, நெடுஞ்சாலை ஓரங்களில் காளான் பறித்துச் சமைக்கக் கூடாது. தென் யேர்மனியில் செர்னோபில் விபத்தின் சீசியம்-137 இன்னும் சில காட்டுக் காளான்களில் உண்டு. அதன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டுகள். பழைய தொழிற்பேட்டை இருந்த இடத்தில் வீடு வாங்கிப் பின்வளவில் கீரையும் மிளகாயும் போடுவோர், முதலில் மண்ணைப் பரிசோதிப்பது நல்லது. மரம் செழித்து நிற்பதால் மண் சுத்தம் என்று ஆகாது.

எண்ணெயின் கணக்கு வேறு. மரத்தை மக்க வைக்கும் வெண்ணழுகல் பூஞ்சணங்கள் எண்ணெயில் உள்ள சில சேர்மங்களை உடைக்கக்கூடியவை. சுன்னாகத்தில் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்த விவகாரம் நமக்குத் தெரியும். அங்கே இது உதவுமா என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பூஞ்சணங்களுக்குக் காற்றும் மரத்தூள் போன்ற உணவும் வேண்டும். தோண்டி எடுத்துக் குவித்த மேல்மண்ணில் அவற்றை வேலை வாங்கலாம். சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிட்ட எண்ணெயை அவை எட்டமாட்டா. யாழ்ப்பாணத்தில் குடிநீர் அந்தப் பாறையிலிருந்துதான் வருகிறது என்பதால், எண்ணெய் நிலத்தில் இறங்குமுன் தடுப்பதே அங்கே வழி.