நிழலில் மறையும் முகங்கள்: கணினித் திரையும் தோட்டத்து நிழற்படமும்

தான் சாய் யான் 1896ஆம் ஆண்டு மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்ட வரலாறு அங்கே தொடங்குகிறது. புக்கிட் அசஹானுக்கும் அப்பயிர் பரவியது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்கள் கையோடு கொண்டுசென்ற சான்றுகளுள் முதன்மையானவை கறுப்பு வெள்ளை நிழற்படங்கள். இன்று அவை பள்ளி மலர்களுக்காகவும் குடும்ப வரலாற்றுக்காகவும் கணினியில் ஏற்றப்படுகின்றன. ஒரே படம் ஒரு கணினியில் தெளிவாகவும் மற்றொன்றில் இருண்டும் தோன்றுவது ஏன் என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வோம்.

கணினி, படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகக் காக்கிறது. 0 என்பது முழு இருள். 255 முழு வெளிச்சம். ஆனால் எண் இரட்டித்தால் ஒளியும் இரட்டிப்பதில்லை. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் மின்னழுத்தத்தைக் காட்டிலும் ஒளி மிக விரைவாக ஏறும். அந்த ஏற்றத்தின் அடுக்கெண்ணையே காமா என்கிறோம். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சித் தரம் 1953இல் அதனை 2.2 எனக் கொண்டது. விண்டோஸ் கணினிகளின் திரைகளும் ஏறத்தாழ அவ்வளவிலேயே இயங்கின.

1984இல் வெளிவந்த மெக்கிண்டாஷ் வேறு வழியில் சென்றது. அடுத்த ஆண்டே லேசர் அச்சுப்பொறியும் பக்க வடிவமைப்பு மென்பொருளும் அதனுடன் சேர, அது அச்சகங்களின் கருவியாயிற்று. தாளில் விழும் சாயலைத் திரையிலும் காண விரும்பிய ஆப்பிள் நிறுவனம் 1.8 என்னும் அளவைக் கைக்கொண்டது. ஒரே எண்ணை இரு கணினிகளும் இரு வகையாகப் படித்தன.

வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 128 என்னும் எண், 1.8 அளவில் முழு வெளிச்சத்தின் 29 விழுக்காட்டைத் தரும், 2.2 அளவில் 22 விழுக்காட்டையே தரும். 64 என்னும் எண்ணுக்கு முறையே 8.3, 4.8 விழுக்காடு. 32க்கு 2.4, 1.0. இருள் மிக மிக இழப்பும் மிகுகிறது. வெண்மைக்கோ எவ்விழப்பும் இல்லை.

நம் படங்களுக்கு இது சிறு செய்தியன்று. பால்மர நிழலில் நிற்கும் தொழிலாளரின் கருநிற முகம், லயத்து வாசலின் இருளில் அமர்ந்த மூதாட்டி ஆகிய உருவங்கள் அந்தத் தாழ்ந்த எண்களிலேயே வாழ்கின்றன. வெள்ளைச் சட்டையணிந்த துரையும் அவர் பின்னுள்ள பங்களாச் சுவரும் எத்திரையிலும் தெரியும். முதலில் மறைவது தொழிலாளர் முகமே.

தமிழுலகம் எழுத்துக்கு இத்தகைய இன்னல் நேர்ந்தபோது வாளாவிருக்கவில்லை. ஒரு கணினியில் தட்டிய தமிழ் மற்றொன்றில் புரியாக் குறியாய் மாறிய நாளில், 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் அறிஞர் கூடி விவாதித்தனர். யூனிகோடு பரவியபின் அக்குறை பெரிதும் நீங்கியது. எழுத்துப் பிழை உடனே கண்ணில் படும். ஒளிப் பிழையோ படத்தின் இயல்பெனவே எண்ணப்படும். ஆதலால் அதனை எவரும் வினவுவதில்லை.

தீர்வு பிற இடங்களில் பிறந்தது. 1993இல் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு தோன்றி, படத்தை எந்த அளவுகோலில் படிக்கவேண்டும் எனக் கோப்பினுள்ளேயே குறித்துவைக்கும் கலர் புரொஃபைல் முறையை வகுத்தது. 1996இல் ஹியூலட் பக்கார்டும் மைக்ரோசாப்டும் முன்மொழிந்த எஸ்ஆர்ஜிபி, 1999இல் பன்னாட்டுத் தரமாயிற்று. 2009இல் ஆப்பிளும் தன் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.6 பதிப்பில் 2.2க்கு மாறியது.

எனினும் நம் கடமை முடியவில்லை. முன்னர் 1.8 அளவில் திருத்தி, குறிப்பின்றிச் சேமித்த கோப்புகள் இன்றைய திரைகளில் இருண்டே தோன்றும். வகுப்பறை ஒளிப்படக்காட்டியும் கைப்பேசியும் தத்தம் வழியில் ஒளியை மாற்றுகின்றன. படம் இருண்டிருக்கிறதென்று வெளிச்சத்தைக் கூட்டி அதே கோப்பின்மேல் சேமித்தால், வேறு தீங்கு நேரும். 255ஐத் தாண்டித் தள்ளப்பட்ட சாயல்கள் யாவும் ஒரே வெண்மையாகும். அவற்றை மீட்க வழியில்லை.

ஆகவே பழம்படம் சேகரிக்கும் ஆசிரியரும் மாணவரும் மூன்றைக் கடைப்பிடித்தல் வேண்டும். வருடியெடுத்த மூலக் கோப்பைத் தொடாமல் காத்துப் படியில் மட்டுமே திருத்துக. கலர் புரொஃபைலை நீக்காமல் சேமிக்க. இருண்ட படத்தைப் பயனற்றதென ஒதுக்குமுன் வேறொரு திரையிலும் காண்க. புக்கிட் அசஹான் மண்ணில் உழைத்தவரின் முகம் அவ்விருளுக்குள் இன்னும் எண்களாக இருக்கக்கூடும்.