குடலை இட்டலி கூறும் வரலாறு

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவிற்கு வருகின்றன. மடைப்பள்ளியிலும் வரலாற்றுச் சான்று உண்டு. அதனைக் காஞ்சிபுரத்து இட்டலி ஒன்றைக் கொண்டே இன்று விளக்க முற்படுகிறேன்.

சின்னக் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்பெறுவது குடலை இட்டலி. குடலையாவது நீண்ட மூங்கிற் கூடை. அதனுள் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை வார்த்து, நீராவியில் வேகவைப்பர். பருமன் மிகுதியாதலின் உள்ளே வேக நெடுநேரம் ஆகும். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் ஆகியன சேரும். இல்லங்களில் இத்தகைய மாவைத் தம்ளர்களில் ஊற்றி அவிப்பதும் உண்டு.

இப்பட்டியலில் மிளகாய் இல்லை என்பதை நோக்குங்கள். மிளகாயின் தாயகம் அமெரிக்கா. கொலம்பசு அங்குச் சென்றது 1492-இல்; வாசுகோட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தது 1498-இல். அதன் பின்னரே போர்ச்சுகீசியர் வழியாக மிளகாய் நம் நாட்டிற்கு வந்தது. உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம் ஆகியவற்றின் தாயகமும் அமெரிக்காவே. அதற்கு முன் நம் சமையலுக்குக் காரம் தந்தது மிளகு. மிளகாய் என்னும் பெயரிலேயே மிளகு அடங்கியிருத்தல் காண்க.

அவ்வாறாயின், இவ்விட்டலி 1498-க்கு முற்பட்டது என்று தீர்ப்புரைத்து விடலாமா? அவசரம் வேண்டா. புதிய பொருள்களை விலக்குவது பல கோயில் மடைப்பள்ளிகளின் மரபு. அம்மரபிற்கு உட்பட்டுப் பின்னாளில் அமைந்த பண்டத்திலும் மிளகாய் இராது. ஆகவே, மிளகாய் இன்மை மரபின் உறுதியைக் காட்டுமேயன்றிப் பண்டத்தின் வயதைக் காட்டாது.

வயதை அறிய நூற்சான்று வேண்டும். 10-ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலாகிய வட்டாராதனையில் 'இட்டலிகெ' என்னும் சொல் காணப்படுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம், உளுந்து மாவில் செய்து மிளகும் சீரகமும் பெருங்காயமும் சேர்த்த ஒத்த பெயருடைய பண்டத்தைக் கூறுகிறது. அதில் அரிசி இல்லை. எனவே பெயர் பழையது; பண்டமோ காலந்தோறும் மாறி வந்துள்ளது.

உங்கள் வீட்டு அடுக்களைக்குச் சென்று, ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து, எப்போது வந்தது என்று கேளுங்கள். விடை கிடைத்தபின், அவ்விடை எதனை மெய்ப்பிக்கிறது, எதனை மெய்ப்பிக்கவில்லை என்பதையும் கேளுங்கள். இரண்டாவது வினாவை மறவாதவரே வரலாற்று மாணவர்.