ஐதராபாத்தில் முல்கி விதி: ஒரு வரலாற்று நோக்கு

'முல்க்' என்னும் அரபுச் சொல் நாட்டைக் குறிக்கும். 'முல்கி' என்பது நாட்டுக்குரியவர் எனப் பொருள்படும். 1919இல் ஐதராபாத் நிசாம் அரசு வகுத்த விதி, அரசுப் பணிகளை முல்கிகளுக்கே உரியனவாக்கியது. பிறப்பால் குடிகளாயினாரோடு, 15 ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, தாயகம் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டதாக உறுதியளித்தோரையும் அது முல்கிகளாக ஏற்றது.

1948இல் நிசாம் ஆட்சி முடிவுற்றும் இச்சிக்கல் தீரவில்லை. வெளியார் பணியமர்த்தப்படுவதை எதிர்த்து 1952இல் மாணவர் கிளர்ந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஆந்திரத்துடனான இணைப்பை முன்னிட்டு 1956இல் உருவான கனவான்கள் ஒப்பந்தம், பணிக்கு 12 ஆண்டு வாழ்விடத் தகுதியையும், தெலங்கானா வேளாண் நில விற்பனைக்குக் கட்டுப்பாட்டையும் உறுதியளித்தது. அவ்வுறுதிகள் பேணப்படவில்லை என்னும் மனக்குறையே 1969ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு வித்திட்டது எனலாம்.

1972இல் உச்ச நீதிமன்றம் முல்கி விதி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஆந்திரப் பகுதியினர் வெகுண்டெழுந்தனர். 1973இல் விதி நீக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பயின்ற இடத்தைக் கொண்டு 'உள்ளூரார்' யார் என வரையறுத்தது.

நிசாமின் விதி குடியேறியவரின் மன உறுதியைக் கேட்டது. குடியரசின் ஆணை அவர் பயின்ற பள்ளியைக் கேட்டது. 2014இல் தெலங்கானா தனி மாநிலமான போதும், உரியவர் யார் என்னும் வினா அதனுடனேயே தொடர்ந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.