மலரில் பெயர் உடையாமல் அச்சேற: ஒரே கட்டளையில் பக்கம் அமைக்கும் முறை

கோயில் திருவிழா மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ், பழைய தோட்டத்து மக்கள் ஒன்றுகூடும் நாளுக்கான நினைவு மலர் என ஏதாவது ஒன்றை அச்சகத்துக்குக் கொண்டுபோனவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானதுதான். வீட்டுக் கணினியில் 'கோவிந்தம்மாள்' என்று சரியாக இருந்த பெயர், அச்சகத்துத் திரையில் இரட்டைக் கொம்பு இடம் மாறி உடைந்து நிற்கும். சில வரிகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். திருவிழாவுக்கு மூன்று நாளே இருக்கும்போது மெய்ப்புப் பார்க்க யாருக்கும் நேரமிராது. அப்படியே அச்சாகிவிடும்.

இதைச் சிறு பிழை என்று விட்டுவிட முடியாது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களை விட்டு நகரங்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அவர்களின் தாத்தா பாட்டி பெயர் அச்சில் வந்த ஒரே இடம், ஒரு மலரின் நன்கொடையாளர் பட்டியலாக இருக்கலாம். அந்தப் பெயரைச் சரியாக அச்சேற்றவும், மூலத்தை அடுத்த தலைமுறைக்குக் காத்து வைக்கவும் உதவும் ஓர் இலவசக் கருவியைப் பற்றியது இக்கட்டுரை.

எழுத்து ஏன் உடைகிறது?

யூனிகோடு முறையில் 'கோ' என்ற எழுத்து, முதலில் 'க', அதன் பிறகு ஓகாரக் குறி என்றே கணினியில் பதிவாகிறது. இரட்டைக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்து வைப்பது மென்பொருளின் வேலை. அச்சகங்களில் பயன்படும் இன்டிசைன் போன்ற மென்பொருளில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இந்த வேலை நடக்காமல் எழுத்து உடையலாம்.

இரண்டாவது காரணம், யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள். அவற்றில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களே. அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாசிக்க முடியாது. அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது காரணம், நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அச்சகத்தில் இல்லாமல் போவது.

அச்சுக் கோக்கும் கலை மலாக்காவுக்குப் புதிதன்று. நாகூர்த் தமிழர் வழித்தொடர்பு உடையவரும் தமிழ் கற்றவருமான முன்ஷி அப்துல்லா பிறந்தது இங்கேதான். 1817இல் மலாக்கா வந்த கிறிஸ்துவ மிஷன் அச்சாளர் மெட்ஹர்ஸ்டிடம் அவர் அச்சு வேலை கற்றார். அன்று ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து அடுக்கினார்கள். இன்று அந்த வேலையைக் கணினியிடம் விடுகிறோம். எந்தக் கருவியிடம் விடுகிறோம் என்பதுதான் கேள்வி.

டெக் என்ற கருவி

அமெரிக்கக் கணினிப் பேராசிரியர் டொனால்ட் கனூத், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பைக் கண்டு மனநிறைவு அடையாமல், 1977இல் தாமே உருவாக்கத் தொடங்கிய அச்சுக்கோப்பு மென்பொருள் டெக். யூனிகோடு எழுத்துகளையும் கணினியில் உள்ள எழுத்துருக்களையும் நேரடியாகக் கையாளும் ஸீடெக் வடிவத்தை ஜோனதன் கியூ 2004இல் வெளியிட்டார். தமிழுக்கு ஏற்றது இதுவே.

இதில் பொத்தான்களை அழுத்திப் பக்கம் அமைப்பதில்லை. உரையை ஒரு கோப்பில் எழுதி, எது தலைப்பு, எது பட்டியல் என்று குறித்து, ஒரு கட்டளை கொடுத்தால் பிடிஎஃப் கோப்பு தயாராகும். ஒரு பத்தி முழுவதையும் கணக்கிட்டு வரிகளை முறிப்பதால், நீண்ட தமிழ்ச் சொற்களுக்கிடையே பெரிய இடைவெளி விழுவது குறைகிறது.

ஒரு பக்க அழைப்பிதழுக்கு இது தேவையில்லை. வேர்டில் எழுதி பிடிஎஃப் ஆகச் சேமித்தால் போதும். பல கட்டுரைகளும் பெயர்ப் பட்டியல்களும் பொருளடக்கமும் கொண்ட மலருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

செய்முறை

1. விண்டோஸ், லினக்ஸ் கணினிக்கு டெக் லைவ், மேக் கணினிக்கு மேக்டெக் ஆகியவற்றை இலவசமாகப் பெறலாம். முழுத் தொகுப்பு பல கிகாபைட் அளவுள்ளது. இணையம் வேகமாக உள்ள இடத்தில் பதிவிறக்குங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவும் இலவசமே.

2. நோட்பேட் போன்ற எளிய செயலியில் உரையைத் தட்டச்சு செய்யுங்கள். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலோ, கணினியில் உள்ள தமிழ் விசைப்பலகையோ போதும். யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, முடிவில் புள்ளியும் டி, இ, எக்ஸ் என்ற மூன்று எழுத்துகளும் வரச் செய்யுங்கள்.

3. கோப்பின் தொடக்க வரிகளில் தாள் அளவு, ஃபான்ட்ஸ்பெக் என்ற துணைத்தொகுப்பு, எழுத்துருவின் பெயர், அது தமிழ் எழுத்துமுறை என்ற குறிப்பு ஆகியவை இடம்பெற வேண்டும். ஒருமுறை எழுதினால் ஒவ்வோர் ஆண்டும் அதையே பயன்படுத்தலாம்.

4. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, கோப்பு உள்ள அடைவுக்குப் போய், எக்ஸ், இ, எல், ஏ, டி, இ, எக்ஸ் என்ற ஏழு ஆங்கிலச் சிறிய எழுத்துகளைச் சேர்த்து அடித்து, இடம் விட்டு, கோப்பின் பெயரைக் கொடுங்கள். பொருளடக்கம் இருந்தால் கட்டளையை இருமுறை கொடுங்கள். முதல் முறையில் குறித்து வைக்கும் பக்க எண்ணைத்தான் அது இரண்டாம் முறையில் அச்சிடும்.

5. பிழை இருந்தால் எந்த வரியில் என்று கருவியே காட்டும். ஆனால் இரண்டு பிழைகள் சத்தமில்லாமல் நடக்கும். விழுக்காட்டுக் குறிக்கு முன் பின்சாய்கோடு இடாவிட்டால், அந்த வரியின் மீதிப் பகுதி அச்சில் வராது. தேர்ந்த எழுத்துருவில் ரோமன் எழுத்துகள் இல்லாவிட்டால், மலாய்த் தெருப் பெயர்களும் முகவரிகளும் காணாமல் போகும். அவற்றுக்கென இன்னோர் எழுத்துருவைக் குறிப்பிடுங்கள்.

அச்சகத்துக்குப் போகும் முன்

எழுத்துரு பிடிஎஃப் கோப்புக்குள் பதிந்திருக்க வேண்டும். ஸீடெக் இதைத் தானே செய்துவிடும். எனவே அச்சகத்துக்குப் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். அங்கே மறுபடி வேறு மென்பொருளில் ஒட்டினால் பழைய சிக்கல் திரும்பும்.

ஏ5 அளவு 148க்கு 210 மில்லிமீட்டர். நடுவில் ஊசி அடிக்கும் மலரானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஓரம் வரை வண்ணம் வரும் அட்டைக்குப் பொதுவாக நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் தேவை. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் வெளியீட்டில் இடம்பெற வேண்டும்.

மொத்தமாக அச்சிடச் சொல்லும் முன் பெயர்ப் பட்டியலை மட்டும் தாளில் எடுத்து, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். 'முனியம்மா'வா 'முனியம்மாள்'ஆ என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்.

மலர் வெளிவந்த பிறகு மூல உரைக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் எந்தக் கணினியிலும் திறக்கும். நிர்வாகத்திடம் ஒன்று, பள்ளியில் ஒன்று, செயற்குழுவினர் இருவர் வீட்டில் ஒவ்வொன்று என்று பிரதிகள் இருக்கட்டும். செயலாளர் மாறினாலும், அச்சகம் மாறினாலும், அடுத்த மலருக்குப் பெயர்களை மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டியதில்லை.