தம்பலகாமமும் கண்டக்கழலையும்

போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்த பின்னர் ஆதிகோணநாயகர் எழுந்தருளிய ஊர் தம்பலகாமம். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்கள் முடியுமிடத்திற் குடாக்கடல் தொடங்கும். இவ்வூர் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயிலை எழுதுவர், குளத்தை எழுதுவர், வயலை எழுதுவர். ஊரார் உடலிற் சுமந்த நோய்களை எழுதுவார் அரியர். அவ்வகை நோய்களுள் ஒன்றாகிய தைரொயிட்டு நோயையும், அந்நோயுடையார் தம்மையொத்த பிறரைத் தேடிச் செல்லுவதன் காரணத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைரொயிட்டுச் சுரப்பி. அது வீங்கின் கண்டக்கழலை என்பர். சுச்சுருதர் நூல் இதனைக் கலகண்டம் எனக் குறிக்கும். சிங்கள மக்களும் அச்சொல்லின் திரிபையே வழங்குவர். அயடீன் என்னும் தனிமம் உணவிற் குறைவதே இவ்வீக்கத்தின் முதற்காரணம். 1811 இல் கூர்த்துவா என்பார் கடற்பாசிச் சாம்பலில் அயடீனைக் கண்டார். 1820 இல் ஜெனீவா வைத்தியர் குவாந்தே அதனைக் கழலைக்கு மருந்தாக்கினார். அச்சுரப்பியினுள்ளேயே அயடீன் உண்டென்பதைப் பௌமான் காட்டியது 1895 இலேயாம். மருந்து முன்னே, விளக்கம் பின்னே!

ஈழநாட்டிற் கழலை பெரிதும் மழை மிகுந்த தென்மேற்குப் பகுதிக்கே உரியதென 1954 இல் வெளியான வில்சன் என்பாரின் ஆய்வு முதல் அறிஞர் கூறிவந்தனர். 1967 இல் மகாதேவா, செந்தி சண்முகநாதன் என்னும் தமிழறிஞர் இருவர் இலங்கையின் கழலைச் சிக்கல் பற்றி விரிவாக எழுதினர். பெருமழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிச் செல்லும் என்பது பழைய விளக்கம். அதன்படி நோக்கின், வறண்ட வலயத்தில், கடலருகே கிடக்கும் தம்பலகாமத்திற் கழலைக்கு இடமில்லை. இக்குடாவின் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஓட்டுச் சிப்பிகளையும் அவற்றின் முத்துக்களையும் பற்றி ஜேம்ஸ் ஹோர்னெல் 1906 இல் தனியறிக்கையே எழுதியுள்ளார். மீனும் இறாலும் நண்டும் உண்ணும் ஊருக்கு அயடீன் பஞ்சம் ஏது என்பார் உளர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் ஒரு பிழையும் உண்டு. கடலுப்பே அயடீன் தரும் எனப் பலர் எண்ணுகின்றனர். கடல்நீரிலுள்ள சிறிதளவு அயடீனும், உப்பளத்தில் நீர் வற்றி உப்பு விளையும்போது உப்பிற் பெரும்பாலும் தங்குவதில்லை. காப்பது மீனேயன்றி உப்பன்று. வயற்புறத்தே மரக்கறியும் சோறுமாய் வாழ்வார்க்குக் கடல் அண்மையிலிருந்தும் பயன் சிறிதே.

இதிலிருந்து பிறப்பது நம் பொருளுக்கு இன்றியமையாத ஒரு வேறுபாடு. தென்மேற்கின் ஊர்களிற் கழலையுடையாள் தனியளல்லள். அயல்வீட்டாள் கழுத்தும் அவ்வாறே இருக்கும். கழலை அரிதாகிய ஊரிலோ அவள் ஒருத்தியே. பெண் பார்க்க வருவோர் கண் கழுத்திற் பதியும்; முந்தானையால் மூடுவதே அவள் கண்ட மருத்துவம். எங்கு நோய் அரிதோ அங்கு நோயாளரின் தனிமை பெரிது.

நோயாளர் கூட்டத்தை வைத்தியர் மதிக்கத் தவறியதால் விளைந்த கேட்டுக்குச் சுவிற்சர்லாந்து சான்று பகரும். அம்மலைநாட்டிற் கழலை மலிந்திருந்தது. பேர்ன் நகரத்துச் சத்திரவைத்தியர் தியடோர் கோக்கர் சுரப்பியை முற்றாக நீக்கும் வித்தையிற் கைதேர்ந்தவர். 1874 இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் அவ்வாறு செய்தார். காயம் ஆறியது, வைத்தியர் மகிழ்ந்தார். வீட்டாரும் உள்ளூர் வைத்தியரும் கண்டது வேறு. ஒருகால் இவளோடு வேற்றுமை தெரியாதபடி ஒத்திருந்த தங்கை மங்கைப் பருவம் எய்தி நிற்க, இவள் வளர்ச்சி குன்றி, முகம் தடித்து, அறிவு மங்கிக் கிடந்தாள். 1883 இல் கோக்கர் தம் பழைய நோயாளரை மீள அழைத்துப் பார்த்தார். சுரப்பி முழுதும் இழந்து வந்து காட்டிய பதினெண்மரில் பதினாறுபேர் அந்நிலையிலேயே இருந்தனர். ஒன்பது ஆண்டுகள்! அந்நோயாளர் ஒரே திண்ணையில் ஒருமுறை கூடியிருப்பின், தமக்கு நேர்ந்தது ஒன்றே என்பதை ஒரு பொழுதிற் கண்டிருப்பர். கோக்கர் முழுநீக்கத்தைக் கைவிட்டமையும், 1909 இல் நோபெற் பரிசு பெற்றமையும் அவர் பெருமைக்குரியன. தம் பிழையைத் தாமே சபையில் எடுத்துரைத்தார் என்பது அப்பரிசினும் பெரிதென்பது எம் துணிபு.

1891 இல் ஆங்கில வைத்தியர் ஜோர்ஜ் மறே ஆட்டின் சுரப்பிச் சாற்றை ஊசிவழி ஏற்றி, சுரப்புக் குன்றிய நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தியை மீட்டார். அவள் எழுபத்துநான்கு வயதுவரை வாழ்ந்தாள். அவள் பொருட்டு எண்ணூற்றெழுபதுக்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின. இன்று ஆடு வேண்டா. வைகறையில் ஒரு சிறு குளிகை போதும். ஆயினும் அவளுக்கு நேர்ந்த விதி இன்றைய நோயாளர்க்கும் உண்டு: மருந்து வாழ்நாள் முழுவதற்குமாம்.

இலங்கையில் 1995 முதல் உணவுப்புக்கு அயடீன் ஊட்டுதல் கட்டாயமாயிற்று. பள்ளிச் சிறாரிடை 1986 இல் நூற்றுக்கு 18.8 ஆகக் கணிக்கப்பட்ட கழலை 2010 இல் 4.4 ஆகக் குறைந்தது. பெருவெற்றியே. எனினும் தைரொயிட்டு நோய் ஒழிந்ததன்று, உருமாறிற்று. உடலே தன் சுரப்பியைப் பகையென எண்ணித் தாக்கும் நோயை 1912 இல் யப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ விவரித்தார். இலங்கைப் பள்ளிச் சிறுமியர் குருதியில் அத்தாக்குதலின் அடையாளங்கள் மிகுந்திருப்பதை 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டி, அயடீன் மிகுதி இதற்குக் காரணமோ என வினவிற்று.

பழைய கழலை கண்ணுக்குத் தெரிந்தது. புதிய நோயோ பலரிடம் தெரிவதில்லை. சோர்வு, மயிர் உதிர்தல், உடல் பருத்தல், குளிர் தாங்காமை, மாதவிலக்குப் பிறழ்தல், மனச்சோர்வு ஆகிய இவற்றை யார் நோயென்பர்? வயலில் நாற்று நடும் பெண் களைத்தேன் என்றால், களையாதார் யார் என்பர். மாமியார் சோம்பல் என்பாள். குருதிச் சோதனையில் எண் சரியாயிற்று என வைத்தியர் சொன்ன பின்பும் சிலர்க்குச் சோர்வு நீங்குவதில்லை. மருந்தின் அளவை மாற்றினால் ஆறு வாரமேனும் பொறுத்தே அதன் பயனை அளக்கலாம். அவ்வாறு வாரத்தையும் கேள்வியோடு கழிப்பவர் நோயாளரே. வைத்தியர்க்கு ஒரு நோயாளிக்கென வாய்ப்பது சில நிமிடமே. ஆகவே கேள்விகள் வெளியே செல்கின்றன.

சென்று சேருமிடம் பெரும்பாலும் வைத்தியசாலை வாங்காகும். மருந்துச் சீட்டை நோக்கி, "உங்களுக்கும் இதுதானா பிள்ளை?" என மூத்தவள் ஒருத்தி கேட்டவுடன் இளையவள் முகம் மலர்வதை யாம் கண்டதுண்டு. தான் சோம்பேறியல்லள் என்பதற்கு அவள் பெற்ற முதற்சாட்சி அது. தொடர்ந்து வருவன நுண்ணறிவுகள்: குளிகையை வெறுவயிற்றில் நீரோடு விழுங்குக, தேநீர் பின்னரே, இரும்புக் குளிகையும் சுண்ணக் குளிகையும் நான்கு மணிநேரம் கழித்தே. இவை அனைத்தும் மருத்துவம் ஒப்புவன.

வாங்கிற் பேசுவன யாவும் மெய்யல்ல. கோவாவும் மரவள்ளியும் தொடலாகாது என்பர். அயடீன் குறைந்த உணவோடு மரவள்ளியையே நம்பி வாழ்வார்க்குத் தீங்குண்டு. அயடீன் போதியவளவு பெறுவார் அளவாகச் சமைத்துண்ணத் தடையில்லை. உடல் தேறிற்று, குளிகையை விடலாம் என்பாரும் உளர், அதுவே பெருந்தீங்கு. கருவுற்றோர் விடயம் அதனினும் கொடிது. முதல் மாதங்களில் வயிற்றுச் சிசு தன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் சுரப்பையே நம்பியிருப்பதால் மருந்தின் அளவு கூடவேண்டியிருக்கும். கருவுக்கு ஆகாதென அஞ்சிக் குளிகையை எறிந்துவிடும் பெண்ணோ வீட்டாரிடம் சொல்லாள். வைத்தியரிடமும் ஏச்சுக்கு அஞ்சி மறைப்பாள். அவள் வாய் திறப்பது, அதே குளிகையை உண்டு பிள்ளை பெற்று, அப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் மற்றொருத்தியிடமே.